இடது பற்று, வலது வரவு

சூப்பர்மேன் எதனால் செத்தார் என்று கேட்டால் கிரிப்டோனைட் என்று சொல்பவர்கள் நிறைய. நிஜத்தில் நடந்தது வேறு. சினிமாவில் சூப்பர்மேனாகப் பறந்த கிறிஸ்டோபர் ரீவ் 1995ல் குதிரையிலிருந்து விழுந்து கழுத்து முறிந்தார். அதன்பிறகு கழுத்துக்குக் கீழே அசைவில்லை. சக்கர நாற்காலியில் இருந்தபடியே படம் இயக்கினார், தண்டுவட ஆராய்ச்சிக்கு நிதி திரட்டினார். 2004 அக்டோபர் 10ம் தேதி, 52 வயதில் இறந்துபோனார். கடைசியாக அவர் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்தது ஒரு படுக்கைப் புண்ணில் பற்றிய கிருமித் தொற்றுக்கு.

ஆமாம், படுக்கைப் புண்தான். பணத்துக்குக் குறைவில்லை, நல்ல டாக்டர்கள், வீட்டோடு நர்சுகள். அப்படியும் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நம் ஊரில் ஒரு வீட்டில் படுத்துக் கிடப்பவருக்குப் புண் வந்துவிட்டால், பார்க்க வருகிற ஒவ்வொருவரும் வாசலிலேயே ஒரு தீர்ப்பை எழுதிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறார்கள். "சரியாப் பாத்துக்கிடலை போல." தீர்ப்பு எப்போதும் அந்த வீட்டு மருமகளின் பேரில்தான். மகன் பேரில் இதுவரை யாரும் எழுதியதாகத் தெரியவில்லை.

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. ஆச்சிக்கு 78 வயது, சர்க்கரை உண்டு. 2023 ஆடி மாதம் ஒரு விடியற்காலையில் வலது பக்கம் விழுந்துவிட்டது. பக்கவாதம். பேச்சும் போய்விட்டது. ஒரு ஆஸ்பத்திரியில் பதினொரு நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள். துணி மாற்றும்போது முதுகின் அடியில், வால் எலும்பு இருக்கும் இடத்தில், ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கறுத்திருப்பதை மருமகள் பார்த்தார். ஏதோ தழும்பு என்று பவுடர் போட்டுவிட்டார்.

தப்பு அவருடையதல்ல. முதல் கட்டத்தில் தோல் சிவக்கும், விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு வெளுக்காது என்றுதான் புத்தகங்களில் போட்டிருக்கிறது. வெள்ளைத் தோலுக்கு அது சரி. நம் நிறத்தில் சிவப்பு எங்கே தெரியப் போகிறது? சுற்றியிருக்கும் தோலைவிடக் கொஞ்சம் அதிகமாகக் கறுத்தோ, ஊதா பூத்தோ இருக்கும். புறங்கையை வைத்துப் பார்த்தால் அந்த இடம் மட்டும் சூடாக இருக்கலாம், கல் மாதிரி இறுகியோ சதசதவென்று குழைந்தோ இருக்கலாம். கண்ணைவிடக் கைதான் இதை முதலில் கண்டுபிடிக்கும். அமெரிக்காவில் இதற்கென்றே இருக்கும் தேசிய ஆலோசனைக் குழு 2016ல் 'அழுத்தப் புண்' என்ற பெயரையே 'அழுத்தக் காயம்' என்று மாற்றியது. மேல் தோல் கிழியாமலே உள்ளே சேதம் நடந்திருக்கலாம் என்பது அதற்கு ஒரு காரணம்.

உள்ளே என்ன நடக்கிறது? உட்கார்ந்து படிக்கும்போது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நம்மையறியாமல் நெளிகிறோம் அல்லவா? தூக்கத்தில்கூடப் புரளுகிறோம். அந்த நெளிவுதான் காவல். அது நின்றுபோனால், எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சிக்கிய சதை நசுங்கும். நசுங்கிய இடத்தில் ரத்தம் ஓடாது, சில மணி நேரத்தில் சதை சாக ஆரம்பிக்கும். பெரும்பாலும் முதலில் சாவது எலும்பை ஒட்டிய சதை, கடைசியில்தான் தோல். அதனால்தான் வெளியே நாணயம் அளவு தெரிவது உள்ளே கிண்ணம் அளவு இருக்கிறது. வால் எலும்பு, இடுப்பின் பக்கவாட்டு எலும்பு, குதிகால், முழங்கை, பின்மண்டை, காது மடல்கூட... எங்கெல்லாம் எலும்புக்கு மேலே சதை குறைவோ அங்கெல்லாம் வரும்.

ஆச்சிக்கு ஒரு வாரத்தில் தோல் உரிந்தது. கறுப்பாகத் தோல் செருப்பு மாதிரி ஒரு துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டாக்டர் அந்தச் செத்த சதையை வெட்டி எடுத்தார். எடுத்து முடித்தபோது எலுமிச்சம்பழம் உள்ளே போகிற பள்ளம். மருமகள் வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

அதன்பிறகு சொந்தக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். ஹார்லிக்ஸ் வந்தது, ஆப்பிள் வந்தது. (விழுங்கவே சிரமப்படுகிறவருக்கு ஆப்பிள். சரி, வாங்கி வந்த மனதைப் பார்க்க வேண்டும்.) ஆளுக்கொரு வைத்தியமும் வந்தது. ஒருவர் மஞ்சளைக் குழைத்துப் பூசச் சொன்னார். ஒருவர் புண்ணைச் சுற்றி ஸ்பிரிட் போட்டு நன்றாகத் தேய்த்துவிடச் சொன்னார். இன்னொருவர் ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலே வாங்கி வந்துவிட்டார். அது நுரை பொங்கும்போது கிருமியெல்லாம் சாகிற மாதிரி ஒரு திருப்தி. தூத்துக்குடியிலிருந்து வந்த மகள், டயர் மாதிரி நடுவில் ஓட்டை உள்ள ஒரு காற்று வளையத்தைக் கொண்டுவந்தார். கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் மைனி, கொஞ்சம் முன்னக்கூட்டியே கவனிச்சிருக்கலாம்லா?"

மருமகள் பதில் சொல்லவில்லை. அடுப்பில் பால் இருந்தது, எழுந்து போய்விட்டார்.

2021ல் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்சு உண்டு. அந்த வீட்டுக்கு வந்த சிஸ்டர் முதலில் புண்ணைப் பார்க்கவில்லை. கட்டிலைப் பார்த்தார். சுவரோரமாக ஒட்டிப் போட்டிருந்தது. "இதை நடு ரூமுக்கு இழுங்க. ரெண்டு பக்கமும் ஆளு நிக்கணும்" என்றார். அப்புறம் மேஜை மேல் இருந்த வைத்தியக் கண்காட்சியைப் பார்த்தார். ஒவ்வொன்றாக ஒதுக்கிவைத்தார்.

பெராக்சைடு கிருமியோடு சேர்த்து, புதிதாக முளைக்கும் சதையையும் எரித்துவிடும். கறுத்த இடத்தைத் தேய்த்தால் ஏற்கெனவே நசுங்கிய சதை இன்னும் நசுங்கும். காற்று வளையம் ஓட்டைக்குள் இருக்கும் புண்ணைக் காப்பாற்றுகிற மாதிரி தெரியும், ஆனால் வளையத்தின் விளிம்பு சுற்றிலும் அழுத்தி அந்த இடத்துக்கு வரும் ரத்தத்தைத் தடுக்கும். குதிகாலுக்கு அடியில் வைத்திருந்த தண்ணீர் நிரப்பிய கிளவுஸும் அப்படித்தான். அதைத் தூக்கிப்போட்டுவிட்டு, கெண்டைக்காலுக்கு அடியில் நீளமாக ஒரு தலையணையை வைத்தார். குதிகால் அந்தரத்தில் நின்றது. அவ்வளவுதான், செலவில்லை.

புண்ணைக் கழுவ உப்புத் தண்ணீர் போதும் என்றார். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தலைதட்டி ஒரு டீஸ்பூன் உப்பு போட்டு, ஆறவைத்து, அன்றன்றைக்குப் புதிதாக. பள்ளத்துக்குள் ஈரத்துணியைத் திணிக்காமல் தளர்வாக நிரப்ப வேண்டும், காயவிடக் கூடாது. "காத்தாட விட்டாத்தான் புண்ணு ஆறும்" என்பது நம் எல்லார் வீட்டிலும் உள்ள நம்பிக்கை. 1962லேயே ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் தோலில் சோதித்து, ஈரம் காக்கப்பட்ட காயத்தில் தோல் சீக்கிரம் மூடுகிறது என்று காட்டிவிட்டார். இன்னும் நமக்குச் செய்தி வந்து சேரவில்லை.

எல்லாம் செய்து முடித்துவிட்டு சிஸ்டர் சொன்னது இது: "யம்மா, மருந்து கட்டுறது பத்து நிமிசம். மிச்ச நேரந்தான் வைத்தியம். ரெண்டு மணிக்கு ஒருக்கா புரட்டிப் போடுங்க. ராத்திரியும்."

ராத்திரியும். இந்த ஒரு வார்த்தையில்தான் எல்லாம் இருக்கிறது.

இரண்டு மணி நேரம் என்ற கணக்கு உலகம் முழுக்கப் பரவியதற்கு ஒரு பழைய சண்டை காரணம். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859ல் எழுதிய நர்சிங் நூலில், படுக்கைப் புண் வந்தால் குற்றம் பெரும்பாலும் நோயினுடையது அல்ல, பராமரிப்பினுடையது என்று எழுதினார். (வாசலில் தீர்ப்பு எழுதும் நம் உறவினர்களுக்கு முன்னோடி!) அடுத்த சில பத்தாண்டுகளில் பிரான்ஸின் புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஷார்கோ நேர் எதிராகச் சொன்னார்: நரம்பு கெட்டால் புண் வந்தே தீரும். அவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம். வந்தே தீரும் என்றால் யார் மெனக்கெடுவார்கள்? முதல் உலகப் போரில் தண்டுவடம் அடிபட்ட சிப்பாய்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும் செத்துப்போனார்கள்.

ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து தப்பி 1939ல் இங்கிலாந்து வந்த லுட்விக் குட்மேன் என்ற யூத டாக்டரிடம், 1944ல் ஸ்டோக் மாண்டெவில் ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்ட சிப்பாய்களின் வார்டை ஒப்படைத்தார்கள். அவர் பெரிய மருந்தெல்லாம் கொண்டுவரவில்லை. இரவும் பகலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை ஒவ்வொருவரையும் புரட்ட வைத்தார். இரவில் அவரே வார்டுக்கு வந்து சரிபார்ப்பாராம். சாகத்தான் போகிறார்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள் பிழைத்தார்கள். அதே ஆஸ்பத்திரியில் 1948ல் அவர் நடத்திய விளையாட்டுப் போட்டிதான் வளர்ந்து பாராலிம்பிக்ஸ் ஆனது. மாரியப்பன் தங்கவேலு 2016ல் ரியோவில் தங்கம் வாங்கிய மேடைக்கு ஆரம்பம், யாரோ சிலர் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து சிப்பாய்களைப் புரட்டிப் போட்டது.

ஆக ஷார்கோ சொன்னது பொய் என்று குட்மேன் நிரூபித்தார். ஆனால் அவரிடம் ஒரு வார்டு நிறைய ஆட்கள் இருந்தார்கள். பாளையங்கோட்டை வீட்டில் இருந்தது ஒரு மருமகள்.

கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு நாளைக்கு 12 முறை, வாரத்துக்கு 84. புரட்டுவது என்றால் சும்மா தள்ளிவிடுவதல்ல. இழுத்தால் தோல் மெத்தையோடு உரசி உள்ளே கிழியும். அதனால் தாத்தாவின் பழைய நாலு முழ வேட்டியை நாலாக மடித்து ஆச்சியின் தோளிலிருந்து தொடை வரை அடியில் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் வேட்டியின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்துத் தூக்கித்தான் நகர்த்த வேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். தனியாக இருந்தால் ஒரு முழங்காலைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக. முழுக்கப் பக்கவாட்டில் படுக்கவைத்தால் இடுப்பு எலும்பில் பாரம் விழுந்து அங்கே புதுப்புண் வரும். எனவே முதுகுக்குப் பின்னால் தலையணை முட்டுக்கொடுத்து 30 டிகிரிச் சாய்வு. கால்களுக்கு நடுவில் ஒரு தலையணை. தலைப்பக்கம் அதிகம் உயர்த்தினால் உடம்பு கீழே சறுக்கும், எனவே சாப்பாட்டு நேரம் தவிர 30 டிகிரிக்கு மேல் கூடாது. துணி நனைந்திருக்கிறதா, சுருக்கம் இருக்கிறதா, சாப்பாட்டுப் பருக்கை கிடக்கிறதா பார்க்க வேண்டும். இதற்குள் இருபது நிமிடம் போய்விடும்.

ஆச்சியும் லேசில் ஒத்துழைக்கவில்லை. இடது பக்கம் படுத்தால் வாசல் தெரியும், தெருவில் போகிறவர்கள் தெரியும். வலது பக்கம் படுத்தால் சுவர். வலது பக்கம் திருப்பும்போதெல்லாம் நல்ல கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகினார். வலி என்று எல்லோரும் நினைத்தார்கள். கட்டிலை நடுவில் இழுத்துப் போட்ட பிறகு, டிவியை வலது பக்கச் சுவருக்கு மாற்றிவைத்தார் மருமகள். முனகல் நின்றுவிட்டது.

எப்போது எந்தப் பக்கம் போட்டோம் என்பது மறந்துபோகிறது என்பதால் மருமகள் ஒரு நோட்டு போட்டார். தாத்தா பாளை மார்க்கெட்டில் மளிகைக் கடை வைத்திருந்தவர். எழுதாத பேரேடு ஒன்று பரணில் கிடந்தது. தேதி, விவரம், பற்று, வரவு என்று சிவப்புக் கோடு போட்டது. பி.காம். முதல் வருடம் படித்தவர்களுக்குத் தெரியும்: இடது பக்கம் பற்று, வலது பக்கம் வரவு. புண் முதுகில் இருந்ததால் மல்லாந்து படுக்கவைக்க வழியில்லை, இடதும் வலதும்தான். எனவே இடது பக்கம் போட்டால் பற்றுப் பத்தியில் மணி, வலது பக்கம் போட்டால் வரவுப் பத்தியில் மணி. யாரும் சொல்லிக்கொடுக்காத இரட்டைப் பதிவு.

சாப்பாட்டையும் அதிலேயே எழுதினார். புண் ஆறச் சதை வளர வேண்டும், சதைக்குப் புரதம் வேண்டும். எடையில் ஒரு கிலோவுக்கு 1.25 முதல் 1.5 கிராம் வரை என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. ஆச்சி 42 கிலோ. அப்படியென்றால் தினமும் ஏறக்குறைய 52 முதல் 63 கிராம். முட்டை தொடாத வீடு அது. அரை லிட்டர் பாலில் 16 கிராம் வரும், 50 கிராம் பாசிப்பருப்பில் 12, 50 கிராம் பொரிகடலை மாவில் 10. மீதியைத் தயிரிலும் பன்னீரிலும் தேற்றினார்கள். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா, விழுங்கும்போது புரையேறுகிறதா என்று டாக்டரிடம் காட்டிக்கொண்ட பிறகுதான் இதெல்லாம். எல்லாமே கஞ்சியாக, கூழாக, ஸ்பூன் ஸ்பூனாக. சர்க்கரையையும் கட்டுக்குள் வைக்க வேண்டும், இல்லையென்றால் புண் அப்படியே நிற்கும்.

வாசனையைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும். முதல் மாதம் அந்த அறையில் யாரும் ஐந்து நிமிடம் உட்காரவில்லை. தினமும் குளித்துத் திருநீறு பூசி இருந்த ஆச்சிக்கு அது தெரிந்தது. பேச்சுதான் போயிருந்ததே தவிர மூக்கு போகவில்லை. கட்டு பிரிக்கும்போது கண்ணை இறுக மூடிக்கொள்வார். டாக்டர் சொன்னபடி மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவ ஆரம்பித்த பிறகு, நாள் போகப் போக நாற்றம் அடங்கியது. மருந்துக் கடையில் மிக மலிவாகக் கிடைக்கும் மாத்திரைதான். ஈ உட்காராமல் இருக்கப் பகலிலும் கொசுவலை.

மூன்று வாரம் கழித்துச் சென்னையிலிருந்து மூத்த மகன் வந்தார், கையில் ஏர் பெட்டோடு. மோட்டார் ஓட ஓட ஒரு வரிசைக் குமிழ்கள் உப்பும், அடுத்த வரிசை தணியும். நல்ல பொருள்தான். ஆனால் அது வந்துவிட்டால் புரட்ட வேண்டாம் என்று நினைத்துவிடுகிறார்கள். புரட்டத்தான் வேண்டும். கரண்ட் போனால் அதுவும் வெறும் பாய்.

பெட்டை மாட்டிவிட்டு மூத்த மகன் நோட்டை எடுத்துப் பார்த்தார். கடைக்காரர் மகன், பேரேட்டைக் கண்டால் கை சும்மா இருக்காது. இருபது நாள் கணக்கு. ஒரு நாளில்கூடப் பன்னிரண்டு பதிவு இல்லை. ஒன்பது, பத்து, ஒரு நாள் ஏழு. ராத்திரி ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் நிறைய இடம் காலியாக இருந்தது. மருமகள் அதைக் காலியாகவே விட்டிருந்தார். காலையில் உட்கார்ந்து இரண்டு வரி சேர்த்து எழுதியிருந்தால் யாருக்குத் தெரியும்? 'விண்டோ டிரெஸ்ஸிங்' இல்லாத கணக்கு. எழுதியிருந்த அத்தனை வரியும் ஒரே கையெழுத்து. நாலு மணிப் பதிவுகளில் எழுத்து கோட்டை விட்டு இறங்கி ஓடியிருந்தது.

மூத்த மகன் ஒன்றும் பேசவில்லை. தம்பியைக் கூப்பிட்டு நோட்டைக் கையில் கொடுத்தார். இளைய மகன் கெட்டவர் இல்லை. மாத்திரை வாங்கி வருவார், டாக்டரிடம் போவார், பில் எல்லாம் கட்டினார். ஆனால் அடுத்த அறையில் தூங்கினார். எழுப்பியிருந்தால் எழுந்திருப்பேனே என்றார். "அலாரம் உங்களுக்கும் கேக்கும்லா" என்றார் மருமகள். அந்த வீட்டில் இந்த விஷயத்தில் நடந்த ஒரே சண்டை அதுதான், அதுவும் ஒரு வரி.

அன்று ராத்திரி அண்ணனும் தம்பியும் புரட்டினார்கள். முதல் தடவை இழுத்துவிட்டார்கள், ஆச்சி அலறினார். வேட்டியைப் பிடிக்க மருமகள் சொல்லிக்கொடுத்தார். மூத்தவர் பத்து நாள் இருந்துவிட்டுப் போனார். அதன்பிறகு 12, 2, 4 மணி இளையவருடையது. தூத்துக்குடி மகள் ஒன்றுவிட்ட சனிக்கிழமைகளில் வந்து இரண்டு இரவு இருந்தார். முதல் இரவு முடிந்த காலையில், "எப்படி மைனி இத்தனை நாளு..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். காற்று வளையம் பரணுக்குப் போனது.

பள்ளத்தின் அடியில் சிவப்பாக, மாதுளை முத்து மாதிரி புதுச்சதை முளைத்தது. சிஸ்டர் வாரம் ஒருமுறை நீளம், அகலம், ஆழம் அளந்து நோட்டில் எழுதினார். நடுவில் ஒருமுறை காய்ச்சல் வந்து, புண்ணைச் சுற்றிச் சூடேறி, ஆச்சி ஆளைத் தெரியாமல் பார்த்தார். அப்போது வீட்டு வைத்தியம் எதையும் யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள், ஆறு நாள் ஊசி. அந்த ஆறு நாளும் வார்டிலும் மணி பார்த்துப் புரட்டினார்கள். நோட்டும் கூடவே போயிருந்தது.

2024 தை கடைசியில் புண் மூடியது. மேலே மெல்லிசாக, பளபளவென்று ஒரு தோல். புரட்டுவதைக் குறைக்கலாமா என்று மருமகள் கேட்டதற்கு சிஸ்டர் சிரித்துவிட்டார். ஆறிய இடத்தின் பலம் பழைய தோலில் 80 சதவீதத்தைத் தாண்டவே தாண்டாது, அதற்கே மாதக்கணக்காகும், எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பிய்யும் என்றார்.

தாத்தாவின் பேரேடு பங்குனியில் தீர்ந்தது. கடையில் இப்போது அந்த மாதிரி நோட்டு கேட்டால் சின்னப் பையன் முழிக்கிறான். சாதாரணக் கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துச் சிவப்புப் பேனாவால் நடுவில் கோடு இழுத்தார் மருமகள். மேலே இடது, வலது என்று எழுதலாம்தான். பழக்கம், பற்று, வரவு என்றே எழுதினார். முதல் பக்கத்தின் முதல் வரி பற்றில், ராத்திரி 2 மணி. எழுத்து கோணலாக இருக்கிறது. இளைய மகனுடைய கையெழுத்து.